சந்தனப் பொட்டு அழியாத மிக்சி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை நான் ஒளித்து வைத்ததே இல்லை. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நடுவில் இந்தக் குணத்தோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு பாடு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டால், மிதிபட்டவர் "கொஞ்சம் பாத்துங்க" என்பார். மிதித்தவர் "பாக்கலீங்க" என்பார். அதோடு முடிந்தது. நான் மட்டும் இறங்கும் வரைக்கும் பேசிக்கொண்டே வருவேன்.

அந்த மரியாதையை நம்பி நாங்கள் ஒரு மிக்சி செய்து ஏமாந்தோம். பிறகு அதே மரியாதைக்குள் புகுந்து வெளியே வர ஒரு சந்து கண்டுபிடித்தோம். தொண்ணூறுகளில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் கணபதியில் ஒரு சின்ன மிக்சி கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். அங்கே மிக்சி செய்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். வீட்டில் மிக்சியைத் தொட்டுப் பழக்கம் உள்ளவள் நான் ஒருத்திதான்.

முதலாளிக்குப் பூர்வீகம் அன்னூர்ப் பக்கம் தோட்டம். முதலில் பம்ப் மோட்டார் செய்தார், அப்புறம் மிக்சிக்கு வந்தார். கூட்டுகிற அம்மாவைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். என்னை "அம்மிணி" என்று கூப்பிடுவார். அந்த வருடம் புதிதாக ஒரு மாடல் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. "எல்லாரும் விக்கற மாதிரியே நாமளும் வித்தா எதுக்குங்க நம்மகிட்ட வருவாங்க? என்னமோ ஒண்ணு புதுசா வேணுமுங்க அம்மிணி" என்றார். அந்த 'என்னமோ ஒண்ணு' என்னவென்று எனக்கு அப்போதே தெரியும். என் அக்காவின் கை.

அக்கா காரமடையில் தனியாக இருந்தாள். மாமா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, குழந்தைகள் இல்லை. மாமா பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கோயில் கோபுரத்தின் நுனி தெரியும். அந்தச் சித்திரையில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. நாற்பது வயதுதான். வைத்தியத்தில் கால் ஏறக்குறைய சரியாகிவிட்டது, நடையில் ஒரு சின்ன இழுப்பு மட்டும் மிச்சம். இடது கை திரும்பவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி அப்படியே நின்றுவிட்டன.

எங்கள் இருவருக்கும் மூத்தவர் அண்ணன். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருந்தார். பாசக்காரர். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. தினமும் காலையில் டிபன் கேரியரில் சாப்பாடு கட்டி, கோயம்புத்தூர் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். காரமடை ஸ்டாப்பில் அக்கா போய் வாங்கிக்கொள்வாள். வாங்கும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கிப் போகும்.

"கொழம்பு ஆறிப் போனாக்கூடப் பரவால்ல கண்ணு" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "அடுத்தவிய போட்ட உப்புல எத்தனை நாளைக்கு உங்கறது?"

அண்ணன் தீர்மானமாக இருந்தார். "தை பொறக்கட்டும். ஊட்டை வாடகைக்கு உட்டுப்போட்டு நம்மூட்டுக்கு வந்துரு. தனியா ஆக்கித் திங்க முடியாதவ தனியா இருந்து என்ன பண்ணப் போறே?" என்று சொல்லிவிட்டார். அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. சமைக்க முடிந்தால் இருப்பாள், முடியாவிட்டால் வீடு கை மாறும். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் அவள் சமையலில் முக்கால்வாசியைத் திரும்பப் பிடித்துவிட்டிருந்தாள். அரிவாள்மணையைக் காலால் அமுக்கிக்கொண்டு ஒரு கையாலேயே காய் அரிந்துவிடுவாள். துருவுமணையில் ஏறி உட்கார்ந்து தேங்காய் துருவுவாள். தோசை மாவு எதிர் வீட்டில் இருந்து வந்துவிடும். அரைப்பதுதான் சிக்கல். அம்மிக்கு இரண்டு கை வேண்டும். மிக்சிக்கும் இரண்டு கை வேண்டும். ஒரு கை மூடியை அமுக்கிப் பிடித்திருக்க, இன்னொரு கை வேகம் வைக்கும் குமிழைத் திருப்ப வேண்டும். சட்னி இல்லாமல், அரைத்து விட்ட குழம்பு இல்லாமல் எங்கள் பக்கத்தில் யார் சாப்பிடுகிறார்கள்?

ஆகவே மூடியைப் பிடிக்கத் தேவையில்லாத மிக்சி என்று முதலாளியிடம் சொன்னேன். மூடியை வைத்து ஒரு திருகு திருகினால் ஜாரோடு பூட்டிக்கொள்ள வேண்டும். அவருக்குப் பிடித்துவிட்டது. ஆடி முழுக்க அதை வரைந்தேன். சோதனை மேசையில் என் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நானே ஓட்டிப் பார்த்தேன். ஜாரைப் பொருத்தித் திருகினேன், மூடியைத் திருகினேன், குமிழைத் திருப்பினேன். ஓடியது! பக்கத்து மேசைக்காரர்கள் கை தட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மாதிரி மிக்சிகளைத் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது கம்பெனி வழக்கம். ஆர்.எஸ்.புரத்தில் சில வீடுகள், உக்கடத்தில் சில வீடுகள், அப்புறம் காரமடையில் அக்கா வீடு. ஒரு மாதம் கழித்து மொபெட்டில் போய் ஒவ்வொரு வீட்டிலும் "மிக்சி எப்படிங்க இருக்குது?" என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில். "நல்லாருக்குதுங்க." காபி கொடுத்து, முறுக்கு கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். அக்காவுக்கு ஃபோன் இல்லை. அண்ணனின் மண்டிக்கு அவள் போயிருந்த நாளில் அங்கே இருந்து பேசினாள். "அருமையா இருக்குது கண்ணு" என்றாள். முதலாளியிடம் போய் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். தையில் டை வெட்டிவிடலாம் என்றார் அவர். டை என்பது உருக்கிய பிளாஸ்டிக்கை ஊற்றும் இரும்பு அச்சு. ஒரு தடவை வெட்டிவிட்டால் வெட்டியதுதான், அதற்கப்புறம் மிக்சியின் உருவத்தை மாற்ற முடியாது.

தீபாவளி முடிந்து அக்காவைப் பார்க்கப் போனேன். சமையலறை மேடையில் மிக்சி இருந்தது. துவைத்து மடித்த துண்டு ஒன்றை மேலே போர்த்தியிருந்தாள். துண்டை எடுத்தேன். மிக்சி பளபளவென்று இருந்தது. மூடியின் உச்சியில், ஜாரின் முகப்பில், குமிழின் நடுவில் என்று மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஆயுத பூசைக்கு எங்கள் ஊரில் லேத்துக்கும் பொட்டு வைப்போம், சைக்கிளுக்கும் வைப்போம், அம்மிக்கும் வைப்போம். அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் பூசை முடிந்து தீபாவளியும் போயாயிற்று. சந்தனம் காய்ந்து வெடித்து, வெடித்தபடியே இருந்தது. குமிழைத் திருப்ப வேண்டுமானால் அந்தப் பொட்டின் மேல்தான் விரல் பட வேண்டும். யார் விரலும் பட்டிருக்கவில்லை.

அட கெரகமே, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஏக்கா, அருமையா இருக்குதுன்னியே!"

"அருமையாத்தான் இருக்குது புள்ள. நீ எத்தனை பாடுபட்டுச் செஞ்சிருப்பே."

"நீ ஒரு நாளாவது ஓட்டுனியா?"

அக்கா அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு. "என்ற கைதான் கண்ணு சரியில்ல. அதுக்கு மிசினு என்ன பண்ணும்? மிசினு மேல குத்தம் சொல்லலாமா?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பொய் சொன்ன அக்கா மேலா, என் மேலா, எதிர் வீட்டுக் காகத்தின் மேலா? துண்டைத் தூக்கி எறிந்தேன். "உனக்கு ஆகாதுன்னா உடு. எதுத்த ஊட்டு அக்காவுக்காவது ஆகட்டும். இப்பவே தூக்கிக் குடுத்துட்டுப் போறேன்" என்று மிக்சியைக் கட்டிப் பிடித்துத் தூக்கினேன்.

அக்கா பதறிப் போய்க் குறுக்கே வந்தாள். "அய்யய்யோ, அவியளுக்கு வேண்டாம் புள்ள! அவியளுக்கு வெரலெல்லாம் மூட்டு வலி. ஜாரைத் திருகுனா அடியில இருக்கற பொட்டியும் கூடவே சுத்தும். அதைப் புடிச்சுக்க இன்னொரு ஆளு வேணும். மூடியத் தொறக்கப் போனா மூடி சுத்தாது, ஜாருதான் சுத்தும். சட்னி அத்தனையும் மேடையில கொட்டிப் போயிரும். அவிய பாவம், எப்படி அள்ளுவாங்க?"

மிக்சியைக் கீழே வைத்தேன். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் குனிந்து, நான் எறிந்த துண்டை எடுத்தாள்.

"யாரு ஊட்டு மேடையில கொட்டுச்சு?"

"இங்கதான்" என்றாள் அக்கா. குரல் இறங்கிப் போயிருந்தது. "நானே அள்ளிட்டேன். உடு."

அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கோபக்காரர்கள் சீக்கிரம் அழவும் செய்வார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே விஷயம் விளங்கிவிட்டது. எங்கள் சோதனை மேசையில் மிக்சியின் அடிப்பெட்டியை போல்ட் போட்டு மேசையோடு இறுக்கி வைத்திருப்போம், அதிர்ந்து கீழே விழாமல் இருக்க. நான் ஒரு கையால் ஓட்டினேன் என்று பெருமைப்பட்டேனே, இன்னொரு கையின் வேலையை அந்த மேசை செய்து கொண்டிருந்தது! எந்த வீட்டுச் சமையல் மேடையில் போல்ட் இருக்கிறது?

அதைவிட முக்கியமாக இன்னொன்று விளங்கியது. எங்கள் ஜனங்களிடம் அவர்களைப் பற்றிக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். கஷ்டமாக இருந்தால் தன் கையைக் குறை சொல்வார்கள், தன் கண்ணைக் குறை சொல்வார்கள், வீடு தேடி வந்தவளின் பொருளைக் குறை சொல்வது அவர்களுக்கு ஆகாது. ஆனால் வேறு ஒருத்தருக்கு அந்தக் கஷ்டம் வரும் என்று தெரிந்தால் அவ்வளவுதான், மரியாதை எல்லாம் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மறுநாளே மொபெட்டை எடுத்தேன். அதே வீடுகள். இந்தத் தடவை எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அந்த நாளில் கல்யாணச் சீரில் மிக்சி கட்டாயம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டேன். "இந்த மிக்சியை உங்க சொந்தத்துல யாருக்காச்சும் சீர் குடுக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டீச்சர் வீடு. முன்பு எனக்கு இரண்டு முறுக்கு கொடுத்து நல்லாருக்குது என்று சொன்னவர். இப்போது யோசிக்கவே இல்லை. "எங்க சின்னம்மாவுக்கு மட்டும் குடுத்துப்போடாதீங்க. அவியளுக்குக் கண்ணு மங்கலுங்க. குமிழுல ஒண்ணு எங்கே, மூணு எங்கேன்னு தெரியாது. தடவிப் பாத்தா எல்லாம் வழுவழுன்னு இருக்குதுங்க. நேரா மூணுக்குப் போனா மோளகாத் தண்ணி மூஞ்சில அடிக்குமுங்க." பேசிக்கொண்டே தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சோடாப் பாட்டில் கனம் இருந்தது.

உக்கடத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம், பிரியாணிக்கு மசாலா அரைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள். அந்த வீட்டம்மா சொன்னார்: "என் தங்கச்சிக்கு ஆகாதும்மா. அவளுக்குக் காது கேக்காது. மோட்டார் திணறுதா இல்லையான்னு மேல கைய வெச்சுத்தான் பாப்பா. நீங்க அழகுக்கு மேல கூரா வெச்சிருக்கீங்க, எங்கே கைய வெக்கறது?" இன்னொரு வீட்டில் ஒரு பெண், "எங்கக்கா கைக்கொழந்தைக்காரிங்க, அவளுக்கு ஒரு கைதானுங்க மிச்சம்" என்றாள். அவள் இடுப்பிலும் ஒரு குழந்தை இருந்தது. அது என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக் கொண்டிருந்தது.

ஒரு மாதமாக 'நல்லாருக்குது' சொன்ன வாய்கள் ஒரு வாரத்தில் கொட்டித் தீர்த்தன. எனக்கு வயிறு எரியவில்லை. சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது. திட்டு வாங்கச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அன்றைக்குக் கோயம்புத்தூரில் நானாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபம் வந்தால் அவர் செய்கிற ஒரே காரியம் அது.

"ஏனுங்க அம்மிணி, டை வெட்டப் போற நேரத்துல இப்படிச் சொன்னா எப்படிங்க?"

"வெட்டுனதுக்கு அப்பறம் சொன்னா இன்னும் சங்கடமுங்க."

"உங்க அக்காளுக்குன்னா ஒண்ணு தனியாச் செஞ்சு குடுத்துரலாமுங்க. ஊருக்கே எதுக்குங்க? ஊனமுற்றவிய மிக்சின்னு பேரு வந்துருச்சுன்னா ஒரு கடைக்காரன் வாங்க மாட்டானுங்க."

எனக்கு மூக்கு விடைத்தது. அவர் முதலாளி என்பது அந்த நிமிடம் ஞாபகத்தில் இல்லை. "பேரெல்லாம் எதுக்குங்க? மிக்சின்னே வித்துப்போடுங்க. கொழந்தைய இடுப்புல வெச்சிருக்கறவ ஒத்தைக்கைக்காரிதானுங்க. கையில மருதாணி வெச்சிருக்கறவ ரெண்டு கையும் இல்லாதவ. கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டுத் தேடறவியளுக்குக் கண்ணு தெரியாது. நீங்களே இப்ப கழட்டி வெச்சிருக்கறீங்க, இந்தக் குமிழுல மூணைக் காட்டுங்க பாக்கலாம்!"

சொல்லி முடித்த பிறகுதான் வேலை போய்விட்டது என்று தோன்றியது. முதலாளி மேசையில் இருந்த மாதிரி மிக்சியின் குமிழைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

"சரிங்க. தை வரைக்கும் உங்களுக்கு நேரம். உங்க அக்கா ஊட்டுல ஓடுச்சுன்னா டை வெட்டலாமுங்க. ஓடலைன்னா பழைய மாடலே போட்டுரலாமுங்க."

ஆக, அக்காவின் வீடும் என் மிக்சியும் ஒரே தையில் வந்து நின்றன.

இந்தத் தடவை திருகுவது என்ற வேலையையே எடுத்துவிட்டேன். ஜாரை மேலே இருந்து வைத்தால் போதும், தன் கனத்தில் உட்கார்ந்துகொள்ளும். அடிப்பெட்டி கனமாக இருக்கும், கீழே மேடையைக் கவ்வும் ரப்பர் பாதங்கள். பெட்டியின் பின்னால் இருந்து ஒரு கை போன்ற தண்டு எழும்பி மூடியின் மேல் வந்து படுக்கும். அந்தத் தண்டை அமுக்கினால் மூடியும் அழுந்தும், மோட்டாரும் ஓடும். கையை எடுத்தால் நின்றுவிடும். உள்ளங்கையால் அமுக்கலாம், மடங்கிப் போன முஷ்டியால் அமுக்கலாம், முழங்கையாலும் அமுக்கலாம். தண்டின் மேல்பக்கம் அகலமாக, தட்டையாக இருக்கும், கை வைத்து அதிர்வைத் தெரிந்துகொள்ள. குமிழில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மேடு, திருப்பும்போது டக் டக் என்று கேட்கும்.

மாதிரியை மரத்தில் செய்தவர் கோட்டைமேட்டில் இருந்து வரும் ஒரு பாய். டை வெட்டும் முன்னால் எல்லா உருவமும் அவர் கையில் மரமாகப் பிறந்துதான் ஆக வேண்டும். அவர் மட்டும் எங்கள் கம்பெனியில் எனக்குச் சமமாகச் சண்டை போடக்கூடியவர். நான் வரைந்த தண்டைச் செதுக்கிக் கொண்டு வந்து மேசையில் போட்டார். "இதைத் தூக்கறதுக்கு அடியில ஒரு சந்து விட்டிருக்கீங்களே, யாரு வெரலை அளந்து போட்டீங்க?"

"என் வெரலைத்தான் பாய்."

அவர் தன் ஆள்காட்டி விரலை அதில் நுழைத்தார். நகம்கூட உள்ளே போகவில்லை. நல்ல தடித்த விரல். "எங்க வூட்ல நான்தாம்மா மசாலா அரைக்கறது. அப்ப எனக்கு மிக்சி வேண்டாமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "நீங்க பேசாம மரத்தைச் செதுக்குங்க" என்று கத்திவிட்டு, அவர் போனதும் சந்தை அகலப்படுத்தி வரைந்தேன். அடுத்த நாள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு டீ வாங்கி வந்தார்.

மார்கழி முழுக்க அந்த வேலைதான். தை பிறந்து, பொங்கல் நோம்பி முடிந்த வாரத்தில் மாதிரி மிக்சி தயாரானது. தண்டு மரம், ஜார் பழைய ஜார், மூடி கையால் செய்தது. பார்க்க அழகாக இல்லை. துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன்.

காரமடை வீட்டு வாசலில் டெம்போ நின்று கொண்டிருந்தது. அண்ணன் சொன்ன சொல் தவறாதவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. டெம்போ டிரைவர் கயிறு எடுத்துக் கொண்டிருந்தார். கூடத்தில் அக்காவின் பெட்டி ஒன்று கட்டியிருந்தது. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"வா அம்மிணி" என்றார் அண்ணன். "நல்ல நேரத்துலயே வந்தே. சாமான் ஏத்தோணும், ஒரு கை புடி."

"டிபன் சாப்புட்டுட்டு ஏத்தலாமுங்கண்ணா" என்றாள் அக்கா. "தோசை ஊத்தறேன்."

"அதெல்லாம் நம்மூட்டுல போய்ப் பாத்துக்கலாம்."

"ஊட்டை உட்டுப் போறவ பசியோட போகக் கூடாதுங்கண்ணா" என்றாள். அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

நான் மிக்சியைப் பிரித்து மேடையில் வைத்தேன். எப்படி ஓட்டுவது என்று சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்துதான் ஓடும் என்றால் அது ஓடுகிற மிக்சி இல்லை. அக்கா ஜாரை ஒரு கையால் தூக்கி வைத்தாள். உட்கார்ந்தது. கொத்தமல்லித் தழை, தேங்காய், பச்சை மிளகாய், புளி, உப்பு. மூடியை வைத்தாள். தண்டைச் சாய்த்தாள். மடங்கிப் போயிருந்த இடது கை முஷ்டியை, பல மாதமாக ஒரு வேலைக்கும் ஆகாமல் தொங்கிக் கொண்டிருந்த கையை, தண்டின் மேல் வைத்து அமுக்கினாள். மோட்டார் ஓடியது. அண்ணன் எழுந்து பார்க்க வந்தார்.

அப்போதுதான் மூடி ஒரு பக்கமாகத் தூக்கியது. பச்சைச் சட்னி ஒரு வீச்சாக வெளியே வந்தது. ஜன்னல் கம்பியில், சுவரில், என் முகத்தில், எல்லாவற்றுக்கும் மேலாக அண்ணனின் வெள்ளைச் சட்டையில். நெஞ்சில் இருந்து வயிறு வரைக்கும் கொத்தமல்லி.

மோட்டார் நின்றது. எல்லாம் போச்சு, வீடும் போச்சு, டையும் போச்சு என்றுதான் நினைத்தேன். அண்ணன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். மெதுவாக, அன்பாகச் சொன்னார்: "நாந்தான் சொன்னனே கண்ணு. உன்ற கையி..."

"என்ற கைக்கு என்னுங்கண்ணா?"

அக்காவின் குரல்தான். ஆனால் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"என்ற கை நல்லாத்தான் அமுக்குது. மூடிதான் சரியில்ல." என் பக்கம் திரும்பினாள். "ஏ புள்ள, படிச்சவ செய்யற வேலையா இது? தண்டு ஒரு ஓரமா வந்து அமுக்குனா இன்னொரு ஓரம் எந்திரிக்காம என்ன பண்ணும்? நடுவுல வந்து உக்கார ஒரு குழி வெக்கத் தெரியாது? எத்தனை மாசமா வரையறே, எதைத்தான் வரைஞ்சே? அண்ணன் சட்டையப் பாரு, நோம்பிக்கு எடுத்த சட்டை! இதை ஊருக்கு வித்தீங்கன்னா கட்டையில அடிப்பாங்க!"

என்னை வாழ்நாளில் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அதில் எதுவும் எனக்கு இனித்ததில்லை, இது ஒன்றைத் தவிர. சட்னி வழியும் முகத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். "இளிக்காதே, மூஞ்சியத் தொடை" என்றாள்.

அவளே ஒரு கைத்துணியை நான்காக மடித்து மூடியின் நடுவில் வைத்தாள். தண்டு அதன் மேல் நேராக வந்து உட்கார்ந்தது. மறுபடி முஷ்டியை வைத்து அமுக்கினாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. (அந்தத் துணி இருந்த இடத்தில்தான் பிறகு குழி வைத்தோம். திங்கட்கிழமை முதலாளி, "அக்கா என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டார். "நாறடிச்சுட்டாங்க" என்றேன். "அப்ப ஓட்டியிருக்காங்க" என்று சொல்லி டை வெட்டச் சொல்லிவிட்டார்.)

அக்கா தோசை ஊற்றினாள். அண்ணன் பனியனோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சட்டை பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்தது. முதல் தோசையைத் தின்றார், இரண்டாவது தின்றார், மூன்றாவதற்குச் சட்னி கேட்டார். அதற்கு அப்புறமும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு சரியா இருக்குதுங்களா?" என்றாள் அக்கா.

"சரியா இருக்குது" என்றார். சட்னியைத் தொட்டு நக்கிவிட்டு, "உன்ற கையி உப்பு" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் காரம் என்று சொல்லிக்கொண்டார்.

டிரைவர் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணா, சாமான் ஏத்தலாமுங்களா?"

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா கட்டி வைத்திருந்த பெட்டியைக் காலால் சுவர் ஓரம் தள்ளினாள். அலமாரிக்குப் பக்கத்தில் துண்டு போர்த்திக் கிடந்த முதல் மிக்சியைக் காட்டினாள், சந்தனப் பொட்டு அழியாமல் இருந்ததே, அதை.

"ஏத்தலாமுங்க தம்பி. வந்த வண்டி சும்மா போகக் கூடாது. அதை ஏத்துங்க" என்றாள். பிறகு அண்ணனிடம் திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "அண்ணிகிட்டக் குடுத்துருங்கண்ணா. அவியளுக்கு ரெண்டு கையும் நல்லாருக்குது."

அது கம்பெனி சொத்து. நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் பனியனோடு எழுந்து, மிக்சியைத் தானே தூக்கிக்கொண்டு போய் டெம்போவில் வைத்தார்.